ஷாஜாதியின் இடது கன்னம்

புதுப்பட்டினம் கடைத்தெருவில், மீன் மார்க்கெட்டுக்குப் பிரிகிற சந்தில், 'மூன்லைட் பியூட்டி பார்லர்' என்று ஒரு போர்டு தொங்கும். அதில் சிரிக்கிற பெண்ணுக்குச் சுண்ணாம்பு அடித்த சுவரின் நிறம். படியேறித் திரைச்சீலையை விலக்கினால் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஷாஜாதி நிற்பாள். அவள் நல்ல கருப்பு. மாநிறம், புதுநிறம் என்றெல்லாம் பூசி மெழுக வழியில்லாத கருப்பு. முதல்முறை வருகிறவர்கள் போர்டையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். அவள் நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, போர்டில் இருப்பவள் நானில்லை, தயங்காமல் உட்காரலாம் என்பாள். பாதிப் பேர் அந்தப் பேச்சுக்காகவே திரும்ப வந்தார்கள்.

நானும் அப்படித்தான் போய் மாட்டினேன். கோவில்பட்டிக்காரி நான். கணவர் கேசவனுக்கு ஆராய்ச்சி மையத்தில் வேலை, அணுபுரம் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், எனக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர் உத்தியோகம். வந்த புதிதில் இந்த ஊர்ப் பேச்சும் புரியவில்லை, கடற்காற்றில் என் தலைமுடியும் அடங்கவில்லை. முடிக்கு ஏதாவது செய்யலாம் என்று போனவளை உட்காரவைத்து, புருவத்தைத் திருத்தி, இந்த முடிக்கு ஒன்றும் செய்ய முடியாது, எண்ணெய் வைத்துப் பின்னிப் போடுங்கள் என்று அனுப்பிவிட்டாள். வந்த வாடிக்கையை இப்படி விரட்டுகிறவளிடம்தான் முகத்தை நம்பிக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

அவளுடைய அத்தா சௌகத் அலி கல்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருந்தவர். விற்காமல் கனிந்துபோன பப்பாளியை முகத்தில் அப்பிக்கொண்டு திரிந்ததில் ஆரம்பித்ததுதான் அவள் தொழில். பத்தாவது முடித்ததும் செங்கல்பட்டில் பியூட்டிஷியன் பயிற்சிக்குப் போகிறேன் என்றாள். ஊரான் மூஞ்சியைத் தேய்க்கிற பிழைப்பு நமக்கு எதற்கு என்று அத்தா குதித்தார். அவள் சாப்பிடாமல் இருந்தாள். பழக்கடைக்காரர் மகள் பட்டினி கிடக்கிறாளாம் என்று கடைத்தெரு சிரித்த பிறகு, பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் பயிற்சியில் பழகுவதற்காக ஒரு ஏழைப் பெண்ணைப் பிடித்து வந்து, அளவு பார்க்காமல் ப்ளீச் போட்டார்கள். முகம் கொப்பளித்துவிட்டது. அந்தப் பெண் அழுதுகொண்டே பஸ் ஏறியதைப் பார்த்துவிட்டு வந்த ஷாஜாதி, அன்றைக்கே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். தன் தோலில் போட்டுப் பார்க்காத எதையும் இன்னொருத்தி தோலில் போடுவதில்லை. இந்தச் சட்டத்தால் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு புது ஹேர் டையைச் சோதிக்கப் போய் அவளுடைய ஒரு பக்க முடி பாசி நிறத்துக்கு வந்து, நோன்பு மாதம் முழுக்க முக்காட்டை இறக்காமலே திரிந்தாள். வேக்ஸ் கை முடியோடு தோலையும் கொண்டுபோன கதையும் உண்டு. ஆனால் சட்டத்தை விட்டதில்லை.

கல்யாணக் கதை இன்னும் தமாஷ். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, நிறம் கொஞ்சம் கம்மி என்று போய்க்கொண்டிருந்தார்கள். கருப்பே அழகு, காந்தலே ருசி என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். அதை ஆறுதல் சொல்லும்போதுதான் எடுப்போம், பெண் எடுக்கும்போது எடுக்கமாட்டோம். ஷபீரின் அம்மாவும் அதே நிறப் பேச்சை ஆரம்பித்திருக்கிறார். செய்யூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் இறால் வாங்கிச் சென்னைக் கம்பெனிகளுக்கு ஏற்றுகிறவர் ஷபீர். எத்தனை சோப்பு போட்டாலும் அவரிடமிருந்து இறால் வாடை போகாது. "நாறுறவனுக்கு கருப்பு இன்னா, செவப்பு இன்னா" என்று அவர் சபையிலேயே சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரைக் கட்டிக்கொண்டதாக ஷாஜாதி என்னிடம் சொல்லியிருக்கிறாள். வீட்டின் முன்னறையில் பார்லர், பின்கட்டில் ஐஸ் பெட்டிகளும் நீல டிரம்களும். முன்பக்கம் பன்னீர் வாசனை, பின்பக்கம் கடல்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் ஸ்ரீதேவிக்குக் கல்யாணம் நிச்சயமானது.

ஸ்ரீதேவி எங்கள் எதிர் வீட்டு வசந்தாவின் மகள். பள்ளி நாளிலிருந்தே ஷாஜாதியிடம் புருவம் திருத்திக்கொள்கிறவள். மாமல்லபுரம் பக்கம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில் வரவேற்பில் வேலை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தினமும் ஸ்கூட்டியில் போய் வந்ததில் முகமும் முழங்கைக்குக் கீழேயும் நன்றாகக் கருத்திருந்தன. கருப்பதற்கென்றே விமானம் ஏறி வந்து மணலில் குப்புறப் படுக்கிற வெள்ளைக்காரர்களுக்கு அறைச் சாவி எடுத்துக் கொடுக்கிற பெண்ணை, நிறம் போச்சே என்று வீட்டில் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள் வசந்தா.

வசந்தா கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் அவளைத் திட்டப்போகிறேன். அவளும் ஷாஜாதியின் நிறம்தான். அவள் கல்யாணத்தில் யாரோ ஒரு புண்ணியவதி முகத்துக்கு மட்டும் வெள்ளையாக அப்பிவிட்டு, கழுத்தையும் கையையும் மறந்துவிட்டாள். போட்டோவில் முகம் ஒருத்தியுடையது, கழுத்து இன்னொருத்தியுடையது. அதை மாட்டிவைக்க மனசு வராமல் பீரோவுக்குள் புடவைக்கடியில் வைத்திருந்தாள். எனக்கு ஒரே ஒரு தடவை காட்டினாள். சிரிக்கத்தான் எடுத்தாள், ஆனால் அவளால் சிரிக்க முடியவில்லை.

அதனால்தான் மகள் விஷயத்தில் அவளுக்கு அந்தப் பிடிவாதம். ரிசப்ஷனுக்குள் ஸ்ரீதேவியின் பழைய நிறம் வந்தாக வேண்டும், உன்னால் முடியுமா என்று ஷாஜாதியிடம் கேட்டாள். முடியாவிட்டால் தாம்பரத்தில் ஏ.சி. பார்லர் வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் பேசிவைத்திருப்பதாகவும் சொன்னாள். அந்த அம்மா நல்ல சிவப்பு என்பதையும் சேர்த்துக்கொண்டாள். அந்த வருஷம் அணுபுரத்தில் வரிசையாகக் கல்யாணங்கள் காத்திருந்தன. ஸ்ரீதேவிக்கு யார் அலங்காரம் செய்கிறாளோ, மற்ற வீடுகளும் அவளிடம்தான் போகும். டவுன்ஷிப்பின் வழக்கம் அது, ஒரு வீட்டில் வாங்கிய மிக்ஸியைத்தான் மற்ற வீடுகளும் வாங்கும். தாம்பரத்து அம்மா ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் மூன்லைட்டுக்கு மிச்சம் மீன் மார்க்கெட்டுக்கு வருகிறவர்கள்தான். ஷாஜாதிக்கு இது தெரியும். வாயைக் கொடுத்துவிட்டாள். முடியும் என்றாள்.

கடலை மாவு, தயிர், பப்பாளி, ஆரஞ்சுத் தோல் எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்ரீதேவியின் முகம் பளபளப்பானது, நிறம் அப்படியேதான் இருந்தது. மத்தியான ஷிப்டுக்கு அவள் அதே வெயிலில்தான் போய்க்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் துடைக்கத் துடைக்க அந்தப் பக்கம் வெயில் பூசிக்கொண்டிருந்தால் யார்தான் என்ன செய்வது? ஷாஜாதிக்குத் தூக்கம் போனது.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறால் வாங்கப் போனேன். பின்கட்டில் ஷபீர் இறாலைக் கூடையோடு நீல டிரம்முக்குள் முக்கி எடுத்து ஐஸில் போட்டுக்கொண்டிருந்தார். தீக்குச்சி கிழித்தால் வருமே, அந்த நெடி. பிடித்த இறாலை அப்படியே விட்டால் தலையிலும் ஓட்டு இணைப்புகளிலும் கருப்பு விழும், கம்பெனியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்காகத் தண்ணீரில் அளவாக ஒரு வெள்ளைப் பவுடர் கலந்து முக்குகிறோம் என்றார். ஷாஜாதி பக்கத்தில் நின்று, முக்கிய இறாலையும் முக்காத இறாலையும் கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து தினமும் பார்க்கிற இறால்தான். அன்றைக்குப் பார்த்த பார்வை வேறு.

இது ஏன் டீச்சர் கருக்காமல் இருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். பாடம் நடத்து என்று யாராவது கேட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது, அது என் வியாதி. ஆரம்பித்துவிட்டேன். நறுக்கிய கத்தரிக்காய் கருப்பதும், இறால் தலை கருப்பதும், வெயிலில் நாம் கருப்பதும் பங்காளிச் சங்கதிகள். உள்ளே நிறமே இல்லாத ஒரு சரக்கு இருக்கிறது. ஒரு நொதி அதைப் பிடித்து ஆக்ஸிஜனோடு சேர்த்துவிடுகிறது. அது படிப்படியாக மாறிக் கடைசியில் மெலனின் என்கிற கருப்பு நிறமியாகிறது. இறால் செத்த பிறகும் அந்த நொதி ஓய்வதில்லை. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று சொல்கிறோமே, அந்த ஜாதிப் பொருட்கள் பாதி வழியில் புகுந்து, மாறப் பார்க்கிற சரக்கைப் பழையபடி பின்னுக்குத் தள்ளிவிடும், சில நேரம் நொதியின் கையையும் கட்டிவிடும். எலுமிச்சையில், நெல்லிக்காயில் இருக்கிற வைட்டமின் சி செய்கிற வேலை அது. இந்தப் பவுடர் செய்வதும் ஏறக்குறைய அதே வேலை.

ஷாஜாதி கண் பெரிதானது. அத்தா கடையில் வெட்டிவைத்த ஆப்பிளுக்கு எலுமிச்சம்பழம் தடவுவார்களே, அதுவா என்றாள். அதேதான் என்றேன். அப்போ இறால் கருப்பும் மனுசன் கருப்பும் ஒன்றுதானா என்றாள். ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் என்று நான் அடுத்த பாதிக்கு வருவதற்குள் முன்னறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள். பாடத்தின் மீதி என் தொண்டையிலேயே நின்றது. என் வகுப்பில் மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அரைக் கிலோ இறாலோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ப்ளவுஸ் ஊக்கு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனால், மூன்லைட் மூடியிருந்தது. பின்பக்கம் போனேன். ஷாஜாதி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, இடது கன்னத்தில் ஈரத்துணி வைத்திருந்தாள். துணியை எடுத்துக் காட்டினாள். கன்னம் தோல் உரித்த தக்காளி மாதிரி இருந்தது. என்னத்தைப் போட்டாய் என்றேன்.

முல்தானி மட்டி, பன்னீர், இறால் பவுடர். மூன்றையும் குழைத்துப் போட்டிருக்கிறாள். ஷபீர் டிரம்மில் போடுவது தண்ணீருக்குக் கொஞ்சம். இவள் போட்டது மட்டிக்குச் சரி பாதி. நெடி ஏறி இருமல் பிடித்திருக்கிறது. எரிந்திருக்கிறது. எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ப்ளீச் எரிவதையே அழகுக்குக் கொடுக்கும் விலை என்று நினைக்கிற தொழில் அது.

எனக்கு வந்த கோபத்தில் படுத்திருப்பவள் என்றும் பாராமல் திட்டித் தீர்த்தேன். ஷபீர் ஒரு ஓரமாக நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லிருப்பன் டீச்சரம்மா. கருப்பு விழுறதுக்கு முன்னாடி முக்குனாத்தான் ஆச்சு. கருப்பு வுழுந்த இறால ஒரு நாள் பூரா டிரம்முல போட்டாலும் வெளுக்காது. இது கருப்பா பொறந்த இறாலு."

கட்டிலில் இருந்து ஒரு தலையணை பறந்து வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. தலையணை எறிகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது.

மறுநாள் அவளைச் செங்கல்பட்டில் ஒரு தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மா சத்தம் போடாமல் களிம்பு எழுதிக் கொடுத்தார். புண் காய்ந்து பொக்கு உதிர்ந்ததும் அந்த இடம் முன்னைவிடக் கருப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம், வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் மெதுவாகப் போய்விடும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாடத்தின் மீதியை முடித்தேன். இந்தத் தடவை அவளால் எழுந்து ஓட முடியாது, ஜன்னலோர சீட்.

தடுப்பது வேறு, அழிப்பது வேறு என்றேன். ஆன்டிஆக்ஸிடன்ட் எதுவானாலும் புதிதாகக் கருப்பு உண்டாவதை மட்டுப்படுத்தும். ஏற்கனவே உண்டான கருப்பு, அந்தத் தோல் தானாக உதிர்கிற வரை அங்கேதான் இருக்கும். நெல்லிக்காய் தின்றால் உடம்புக்கு நல்லது. முகத்துக்கென்று பக்குவமாகச் செய்த வைட்டமின் சி களிம்பு போட்டு வெயிலையும் மறைத்தால், வெயில் ஏற்றிய கருப்பு மாதக் கணக்கில் ஓரளவு இறங்கலாம். பிறவி நிறம் எதற்கும் இறங்காது, இறங்கவும் வேண்டாம், தோலுக்கு அதுதான் குடை. செத்த இறாலுக்கு எரியாது, உயிருள்ள தோலுக்கு எரியும். எரிந்த தோல் பயந்துபோய்க் குடையை இன்னும் பெரிதாக விரிக்கும்.

திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படுகிற வரை ஷாஜாதி முக்காட்டு நுனியால் கன்னத்துக்கு விசிறிக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள்.

"அப்ப நானே பணங்கட்டி கருப்புக்கு ஆர்டர் குட்துட்டு வந்துகீறன்."

இருவரும் சிரித்தோம். சிரித்ததில் அவளுக்குக் கன்னம் வலித்தது. வலித்ததும் அழுதாள். நான் அவள் அழுது பார்த்தது அதுதான் முதல்முறை. மூஞ்சி போனால் போகட்டும், அணுபுரம் போய்விடுமே டீச்சர் என்றாள்.

போயிற்று. பொக்கு உதிர்ந்து, கன்னத்தில் பழைய கருப்பின்மேல் இன்னொரு கருப்பாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு படை தெரிந்தது. மருதாணி வைப்பது பற்றிக் கேட்க வந்த வசந்தா அதைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து தாம்பரத்துக்குப் போன் போட்டாள். தன் முகத்தையே பார்த்துக்கொள்ளத் தெரியாதவளிடம் என் பெண்ணை எப்படி விடுவது என்று மாடிப்படியில் என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் பெண் முகத்தில் போடவேண்டியதைத்தான் அவள் தன் முகத்தில் போட்டுக்கொண்டாள், இல்லாவிட்டால் இன்றைக்கு யார் கன்னம் வெந்திருக்கும் என்று யோசித்துப் பார் என்று கத்திவிட்டேன். ஸ்ரீதேவி கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு புதுப்பட்டினம் போயிருக்கிறாள். மீதி எனக்கு ஷாஜாதி சொன்னது. வந்தவள் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டிருக்கிறாள்.

"அது எனக்குப் போட வச்சிருந்ததாக்கா?"

ஷாஜாதி பொய் சொல்லப் பார்த்தாள், வரவில்லை.

"உனுக்குத்தான். மொதல்ல எனக்கு, அப்பால உனுக்கு. எப்பவும் அப்படித்தான கண்ணு."

ஸ்ரீதேவி அந்தக் கன்னத்தைத் தொட வந்து, வலிக்குமோ என்று கையை இழுத்துக்கொண்டாளாம். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. ஷாஜாதி அக்கா வருவதாக இருந்தால் மேக்கப், இல்லையென்றால் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு மேடைக்குப் போவேன் என்று மட்டும் சொன்னாள். ரிசார்ட்டில் கோபக்கார விருந்தாளிகளிடம் பேசிப் பழகிய குரல் அது. வசந்தா இரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டு இறங்கி வந்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. தாம்பரத்து அம்மாவைக் கேட்டு, சென்னையில் ஒரு பெரிய கடையில் விலை உயர்ந்த ஃபவுண்டேஷன் வாங்கிவைத்திருந்தாள். அதைத்தான் போடவேண்டும்.

ரிசப்ஷன் அன்று திருக்கழுக்குன்றம் மண்டபத்தில் மணமகள் அறையில் நானும் இருந்தேன். ஷாஜாதி கருநீலச் சேலையில், முக்காடும் பெட்டியுமாக வந்தாள். உறவுக்காரப் பெண்கள் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் உன் கன்னத்தை மறைத்துக்கொள்ளேன் என்று வசந்தா தணிந்த குரலில் சொன்னாள். புதுத் தோல், எதையும் பூசக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று ஷாஜாதியும் தணிந்தே சொன்னாள். பிறகு வசந்தா அந்த விலை உயர்ந்த புட்டியை நீட்டினாள்.

ஷாஜாதி அதைத் திறந்து மோந்து பார்த்தாள். ஸ்ரீதேவியின் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்து, தன் வலது கன்னத்தில் நிதானமாகப் பூசினாள். நேரமாகிறது என்று வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் அவசரப்படவில்லை. இடது கன்னம் வெந்து ஒரு மாதம் ஆகவில்லை, வலது கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு அவளை அறையலாம் போலவும் இருந்தது, கும்பிடலாம் போலவும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பூச்சு காய்ந்தது. மேடைக்கு வருகிற அதே வெள்ளை விளக்கை அந்த அறையிலும் போட்டிருந்தார்கள். கன்னம் சாம்பல் பூத்திருந்தது. கீழே கழுத்து அதன் நிறத்தில் இருந்தது. ஷாஜாதி எழுந்து வசந்தாவுக்கு எதிரே வந்து, எரியவில்லை, போடலாம், போடட்டுமா என்று கேட்டாள். குத்தல் இல்லாமல்தான் கேட்டாள்.

வசந்தா அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். எனக்குப் புரிந்துவிட்டது, பீரோவில் புடவைக்கடியில் இருக்கிறதே, அதைத்தான் அவள் பார்க்கிறாள்.

"என் போட்டோ மாதிரியே இருக்கு. தொடச்சிடு ஷாஜாதி. அவ நெறத்துக்கே போட்டு விடு."

ஷாஜாதி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு, தன் பெட்டியிலிருந்து பழுப்பு நிறக் குப்பிகளைச் சேர்த்துக் குழைத்து, ஸ்ரீதேவியின் கழுத்தோரம் வைத்து ஒப்பிட்டு ஒப்பிட்டு நிறத்தைப் பிடித்தாள். வெயில் பட்ட கை, வெயில் படாத தோள், எல்லாவற்றையும் ஒன்றாக்கினாள். பெண் மேடையேறியபோது ஸ்ரீதேவி ஸ்ரீதேவியாகவே இருந்தாள், ஆனால் ஒரு வாரம் நன்றாகத் தூங்கி எழுந்த ஸ்ரீதேவி. அந்த ரிசப்ஷன் போட்டோ வசந்தா வீட்டுக் கூடத்தில் டி.வி.க்கு மேலே மாட்டப்பட்டது. நுழைகிறவர்கள் எல்லாரும் பார்க்கிற இடம்.

பிறகு நடந்ததைச் சொல்லவேண்டியதே இல்லை. ஒரு வீட்டு மிக்ஸிதானே எல்லா வீட்டுக்கும். அந்த வருஷத்து அணுபுரம் கல்யாணங்கள் மூன்லைட்டுக்குத்தான் போயின. கன்னத்துக் கதையும் கூடவே போனது. போகிற வழியில் கொஞ்சம் வளர்ந்தது. ஒரு வீட்டில் அது ஆசிட் என்றார்கள். ஷாஜாதி எதையும் மறுக்கவில்லை. அவளுக்கு அந்தக் கதையில் ஒரு பெரிய சௌகரியம் கிடைத்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு அம்மாவும் மகளைக் கொண்டுவந்து உட்காரவைத்து, சிவப்பாக்கு என்பாள். முடியாது என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பமாட்டாள். இப்போது ஷாஜாதி ஒன்றும் பேசவேண்டியதில்லை. முக்காட்டைக் கொஞ்சம் விலக்கி இடது கன்னத்தைக் காட்டுவாள். "இங்க போட்டுப் பாத்துட்டன். ஆவாது" என்பாள். அதற்குமேல் எந்த அம்மாவும் பேசியதில்லை. போர்டில் இருந்த வெள்ளைப் பெண்ணையும் ஒரு மழைக்காலத்தில் கழற்றிவிட்டு வெறும் நிலாவை வரைந்துவிட்டாள். அது வரைந்தவரின் கைவண்ணத்தில் இட்லி மாதிரி இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் புருவம் திருத்திக்கொண்டிருந்தேன். ஷாஜாதி நூலை இழுத்த இழுப்பில் கோபம் தெரிந்தது. என்னவென்று கேட்டேன். முகத்தை என் பக்கம் கொண்டுவந்து, நன்றாகப் பாருங்கள் என்றாள். பார்த்தேன். டாக்டர் சொன்னது சரியாகத்தான் நடந்திருந்தது. களிம்பும் குடையும் முக்காடும் சேர்ந்து வேலை பார்த்து, படை அநேகமாக மறைந்திருந்தது. நான் ரொம்பச் சந்தோஷமாக, போயே போச்சே என்றேன்.

அவள் சந்தோஷப்படவில்லை. நேற்று செய்யூரிலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்திருக்கிறார். சிவப்பாக்கு என்றிருக்கிறார். ஷாஜாதி கன்னத்தைக் காட்டியிருக்கிறாள். கன்னத்தில் ஒன்றுமே இல்லையே என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். முடியாது என்று தொண்டை வற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். உனக்குத் தெரியவில்லை என்றால் தெரிந்தவளிடம் போகிறேன் என்று அவர் மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாராம். அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாளாம். எங்கே கொண்டுபோய் எதைப் போடுவார்களோ என்று ராத்திரியெல்லாம் ஷாஜாதிக்கு அதே நினைப்பு.

நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"டீச்சர், இது போவாம இருக்க எதுனா கீதா?"

நான் சிரிக்க வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். வெயில்தான் என்றேன். ஆனால் அது வேண்டாத வேலை என்று பாடத்தின் மீதியைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் அதற்குள் அடுத்த வாடிக்கையைக் கூப்பிட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் மத்தியானம் பள்ளி வேனில் வரும்போது கல்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நிழற்குடைக்குள் இடம் காலியாகத்தான் இருந்தது. அவள் வெளியே நின்றிருந்தாள், குடையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, முக்காட்டை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, இடது கன்னத்தைச் சூரியனுக்குக் காட்டியபடி.